கருவறைக்குள் கேட்கும் இசை



கருவுற்ற பெண்ணின் வயிற்றருகே ஒலிக்கருவியை வைத்து இசை கேட்பித்தால் பிறக்கும் குழந்தை மேதையாகும் என்னும் எண்ணம் இக்காலத்தில் எங்கும் பரவியிருக்கிறது. இதில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்பதை நம் சமய மரபையும் இவ்வட்டார வரலாற்றையும் துணைக்கொண்டு சற்றே ஆராய்வோம்.

கருவிலுள்ள உயிரை உணர்வற்ற பிண்டம் என்று நம் அருளாளர்கள் கருதியதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் பாடிய திருநாவுக்கரசு சுவாமிகள், தாம் கருவில் இருந்தபோதே இறைவன் திருவடியை எண்ணியிருந்ததாக அருளினார். மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலில், தாய் வயிற்றில் மாதந்தோறும் உயிர் கடந்துவரும் இடர்களை முறையாக எடுத்துரைத்தார். இவ்விருவரும் கருவிற் பெற்ற அறிவைத் தம் பெருமையாகப் பேசவில்லை. பிறப்பதற்கு முன்னும் உயிரைக் காத்துநின்ற பெருங்கருணையையே பேசினர்.

இசைக்கும் இதில் இடமுண்டு. ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரம் சீமந்தச் சடங்கில் வீணை வாசிப்போரை அழைத்துப் பாடச் சொல்கிறது. அப்பாட்டில் அக்குடும்பம் வாழும் இடத்தருகே ஓடும் ஆற்றின் பெயரையும் சேர்க்க வேண்டும் என விதிக்கிறது. குளச்சல் பக்கத்துக் குடும்பமாயின், கடியபட்டணத்தருகே கடலில் கலக்கும் வள்ளியாற்றைச் சொல்லலாம். தாய்க்கு மனமகிழ்ச்சி, பிறக்கும் மகவுக்குச் சொந்த மண்ணின் வாழ்த்து என்னும் இரண்டும் அங்கே ஒன்றாகின்றன. வளைகாப்பில் பெண்கள் கூடிப் பாடுவதும் இவ்வகையினதே.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்த இவ்வட்டாரம் முன்பு திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மரின் அரச மரபில் 1813-இல் தோன்றியவர் சுவாதித் திருநாள். கருவிலேயே அரசுரிமை எய்தியவர் என்னும் பொருளில் அவரைக் ‘கர்ப்ப ஸ்ரீமான்’ என்றழைத்தனர். பின்னாளில் வடமொழி, மலையாளம், தெலுங்கு, இந்துஸ்தானி முதலிய மொழிகளில் கீர்த்தனங்கள் இயற்றிப் பெரும் புகழ் பெற்றார். இவரையன்றோ கருவிலேயே இசை கேட்டு வளர்ந்தமைக்குச் சான்றாகக் காட்டலாம் எனச் சிலர் எண்ணக்கூடும்.

வரலாறு கூறுவதோ வேறு. அப்பட்டப்பெயர் இசையால் வந்ததன்று, அரசுரிமையால் வந்தது. 1810-இல் பாலராம வர்மர் மறைந்தபின் ஆண் வாரிசு இன்மையால், ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சியை ஏற்றார். அவர் வயிற்று மகவை நாடே எதிர்நோக்கியிருந்தது. இரயிம்மன் தம்பி இயற்றிய புகழ்பெற்ற தாலாட்டும் குழந்தை பிறந்த பின்னர்ப் பாடப்பட்டதே. அத்தாயோ மகனின் மழலைப் பருவத்திலேயே மறைந்தார். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் நாட்டையும் மகவையும் காத்து, 1829-இல் பதினாறு வயதினராகிய அவரிடம் ஆட்சியை ஒப்படைத்தார். தஞ்சாவூர் சுப்பராயர் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு முதலிய இசைவாணர்கள் அவர் அவையை அணிசெய்தனர். 1846-இல் முப்பத்துமூன்று வயதிலேயே மன்னர் மறைந்தார். அரசுரிமை கருவில் வந்தது. கலையோ வளர்த்தவர் அன்பாலும் ஆசான்மார் அருகிருப்பாலும் தம் உழைப்பாலும் வந்தது. பத்மநாபபுரத்துச் சரசுவதி ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருள, அவள் திருமுன் அவர் கீர்த்தனங்கள் இன்றும் ஒலிக்கின்றன.

இக்கால விஞ்ஞானமும் இதற்கு முரண்படவில்லை. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கருவிலுள்ள குழந்தைக்குச் செவிப்புலன் தொழிற்படத் தொடங்குகிறது. 1986-இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், கருவுற்ற தாய்மாரை இறுதி ஆறு வாரங்கள் ஒரு கதையை உரக்கப் படிக்கச் செய்தனர். பிறந்த குழந்தைகள் புதிய கதையைவிட அக்கதையையே விரும்பிக் கேட்டன. ஆகவே குழந்தை கேட்கிறது, நினைவும் கொள்கிறது. ஆனால் மோசார்ட் இசை அறிவை வளர்க்கும் என்னும் பேச்சுக்கு மூலமான 1993-ஆம் ஆண்டு ஆய்வோ கல்லூரி மாணவரிடம் நிகழ்ந்தது. அப்பயனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. கருவிலுள்ள குழந்தை அவ்வாய்வில் இடம்பெறவேயில்லை.

இதனை இத்துணை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. குழந்தை படிப்பில் பின்தங்கினால், “வயிற்றில் இருக்கும்போது நீ நல்லது கேட்கவில்லை” என்று தாயைப் பழிக்கும் வழக்கம் தலைதூக்குகிறது. இது பெருங்கொடுமை. சூத்திரம் வீணையைத் தாய்முன் இசைக்கச் சொன்னதேயன்றி, அவள்மேல் சுமையாக ஏற்றச் சொல்லவில்லை.

ஆகவே கருவுற்ற மகளிர் விரும்பிய தேவாரத்தைத் தம் வாயாலேயே மெல்லப் பாடுக. குரல்வளம் இல்லையே எனத் தயங்கற்க. மகவுக்கு மிக அணுக்கமான ஓசை தாயின் குரலே. வயிற்றின்மேல் கருவியை அழுத்தி உரக்க ஒலிக்கச் செய்தல் வேண்டா. திருவிழாவில் ஒலிபெருக்கியின் அருகே அவர்களை நிறுத்தாது, அமைதியான இடம் தருக. வீட்டிலுள்ள ஆடவர் கடுஞ்சொல்லை விடுக. அவ்வீட்டில் எழும் சினக்குரலும் அச்செவியை எட்டுமன்றோ? வேளைக்கு உணவும் உறக்கமும் மருத்துவர் பார்வையும் தாய்க்கு வாய்ப்பதே முதற்பணி. குழந்தை மேதையாவதும் எளியனாவதும் அவனருள். எவ்வாறாயினும் அது நம் மகவே, அவன் அடிமையே என்று ஏற்பது நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.