கல்லில் எடுத்த படம்

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்ப்பதற்காகத் திருவொற்றியூருக்குப் போயிருந்தேன். கூட என் அண்ணன் மகன் வந்திருந்தான். குறும்படம், விவரணப் படம் என்று அலைகிற பிள்ளை. தேரடி மெட்ரோவில் இறங்கியதிலிருந்து கையிலிருந்த காமிராவைக் கீழே வைக்கவில்லை.

மகிழடி சேவையைப் பற்றி அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. திருவாரூரில் பரவையை மணந்திருந்த சுந்தரர் திருவொற்றியூருக்கு வந்து சங்கிலியார்மீது ஆசை கொண்டார். "பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் சந்நிதியில் சத்தியம் செய்துவிட்டுப் பிறகு மீறுவது எப்படி? "நீர் கொஞ்ச நேரம் மகிழ மரத்தடிக்குப் போய் இரும்" என்று சுவாமியிடமே சொல்லி வைத்தார். சுவாமியோ சங்கிலியார் பக்கத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டார். "மகிழடியிலேயே சத்தியம் செய்யட்டும்" என்று வந்தது பதில்! செய்தார். வசந்த காலம் வந்தது, திருவாரூர் நினைவும் வந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று.

இந்தக் கதையைத் திருவிழாவில் நடத்திக் காட்டுகிறார்கள். மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. கோயில்தான் மேடை. கூட்டத்துக்கு நடுவே சத்தியம் நடக்கிறது; நாமெல்லோரும் சாட்சிகள். பார்க்க வந்தவர்களையும் நாடகத்துக்குள் இழுத்துக்கொள்ளும் கலையைப் புதுமை என்று மேல்நாட்டில் இப்போது கொண்டாடுகிறார்களாம்.

"சித்தப்பா, இதையெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் படம் எடுத்து வைக்கவில்லையே! எவ்வளவு போயிருக்கும்!" என்றான் பையன்.

"எடுத்திருக்கிறார்கள், வா" என்று சுவரருகே அழைத்துப் போனேன்.

ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் விருப்பப்படி, ரவி என்கிற வீரசோழத் தச்சன் கருங்கல்லால் எடுத்த விமானம் இது. பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். அந்தத் தச்சன் பெயர் நமக்குத் தெரிவதே பெரிய பாக்கியம். தஞ்சையிலும் மதுரையிலும் வேலை செய்த எத்தனை கைகளுக்குப் பெயர் இருக்கிறது? 1912-ஆம் ஆண்டு வாக்கில் கல்வெட்டு இலாகாவினர் இங்குள்ள எழுத்துக்களைப் படியெடுத்தார்கள். மசி பூசி, காகிதம் ஒற்றி எடுத்தபோது, எழுநூறு வருஷத்துக் கலை நிகழ்ச்சிகள் எழுந்து வந்தன.

அவற்றில் ஒன்று, இரண்டாம் ராஜாதிராஜனின் ஒன்பதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. திருவிழா நாளில், மகிழ மரத்தடியில், மடாதிபதி சதுரானன பண்டிதரும் வாகீச பண்டிதரும் உடனிருக்க, ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணத்தை அரசன் கேட்டுக்கொண்டிருந்தான் என்கிறது கல். ஆளுடைய நம்பி என்றால் நம் சுந்தரர்தான். சத்தியம் செய்த மரத்தடியிலேயே அந்தச் சத்தியத்தின் கதையைக் கேட்ட சக்கரவர்த்தி!

இன்னொன்றுதான் என் மனத்தை விட்டு அகலாதது. மூன்றாம் ராஜராஜனின் பத்தொன்பதாம் ஆண்டு, ஏறக்குறைய 1235. கோயிலில் விழா. ராஜராஜன் திருமண்டபத்தில் அரசன் அமர்ந்திருக்கிறான். உறவாக்கினத் தலைக்கோலி என்பவள் அகமார்க்கம் நிகழ்த்துகிறாள். அது பாட்டா, அபிநயமா என்று அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை. தலைக்கோலி என்பது ஆடலில் சிறந்தவளுக்குத் தரும் பட்டம். சிலப்பதிகார மாதவியே தலைக்கோல் பெற்றவள். அரசன் மகிழ்ந்தான். பக்கத்து மணலி கிராமத்தில் அறுபது வேலி நிலத்துக்கு அவள் பெயராலேயே உறவாக்கின நல்லூர் என்று பெயரிட்டான். ஒரு வேலி ஆறு ஏக்கருக்கு மேல். ஆக, ஒரு கலைஞியின் பெயரில் ஏறக்குறைய நானூறு ஏக்கர்.

இந்த அரசன் யார் என்று தெரிந்தால் காட்சி வேறாகிவிடும். நாலு வருஷத்துக்கு முன்புதான், 1231-ல், கோப்பெருஞ்சிங்கன் இவனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்திருந்தான். போசள மன்னன் நரசிம்மன் படை அனுப்பி மீட்டான். ராஜேந்திரன் கங்கை வரை போன குலம். இவனுக்கோ தன் சிம்மாசனமே அடுத்தவன் தயவு. அப்படிப்பட்டவன் திருவொற்றியூர் மண்டபத்தில் உட்கார்ந்து, ஒரு பெண் அகத்தை அபிநயித்ததையோ பாடியதையோ கண்டு கேட்டு, இருக்கிற ராஜ்யத்தில் ஒரு துண்டை அவள் பெயரால் அழைக்கச் சொன்னான். அவன் முகம் அன்று எப்படி இருந்திருக்கும்? நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் கல் அதைச் சொல்லாது. என்ன ராகம், எந்த அடவு, அவளுக்கு எத்தனை வயது என்று ஒன்றும் சொல்லாது. அதைப் பொறித்தவர்கள் கலைக்காகப் பொறிக்கவில்லை, நிலத்துக்காகப் பொறித்தார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் காட்ட வேண்டுமே! பத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது கலை.

"இப்போதுதான் காமிரா இருக்கிறதே" என்றான் பையன்.

இருக்கிறது. எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. பாலசரஸ்வதி 1925-ல் காஞ்சிபுரத்துக் கோயிலில் அரங்கேறியபோது சிறுமி. சத்யஜித் ரே 'பாலா' என்ற விவரணப் படத்தை எடுத்தது 1976-ல். அம்மாளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இடையில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தோடு கோயில் சதிரையும் நிறுத்தியது. அநீதி ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மண்டபங்களில் நிகழ்ந்தது என்ன என்று காட்டப் படச் சுருள் எங்கே? நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' படத்திலேயே ஓர் அடிகூட இன்று மிஞ்சவில்லை. கல்லைவிட ஃபிலிமுக்கு ஆயுள் குறைவு.

திரும்பும் வழியில் பையன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். 2017-ல் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதியது, டி. எம். கிருஷ்ணா பாடியது, ரதீந்திரன் பிரசாத் படமாக்கியது. சபா இல்லை, மேடை இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் வெளியில் நின்று, பேச்சுத் தமிழை ராகமாலிகையில் பாடுகிறார் வித்வான். மூச்சுக் கவசத்தோடு அவர் நிற்கிற காட்சியும் உண்டு. புறம்போக்கு என்றால் தீர்வைக் கணக்குக்குப் புறம்பான பொது நிலம். நீர்நிலை, மேய்ச்சல் தரை, கடற்கரை எல்லாம் அதுதான். அந்தச் சொல் எப்போது வசைச் சொல்லாயிற்றோ, அப்போதே அந்த நிலத்துக்கும் கேடு வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று உறைத்தது. எண்ணூருக்கு அண்டை ஊர் எது? மணலி! 1235-ல் ஒரு பாடலுக்கோ ஆடலுக்கோ பெயர் பெற்ற நிலம். 1969-ல் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. நமக்கெல்லாம் பஸ் ஓடவும் அடுப்பு எரியவும் அது வேண்டியிருந்தது. இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வழிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போயின. அந்த மணலியில் உறவாக்கின நல்லூர் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பெயரை வாங்கியவள் கல்லில் இருக்கிறாள். பெயரைச் சுமந்த நிலம் தொலைந்துவிட்டது.

அன்று ஒரு கலைக்காக நிலம் கொடுத்தார்கள். அதனால் கலையின் செய்தி பிழைத்தது. இன்று நிலத்துக்காக ஒரு கலைஞர் பாடுகிறார். அதனால் நிலம் பிழைக்குமா?

பையனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சித்தப்பா, நாளைக்கு மணலிக்குப் போகலாமா? அந்த அறுபது வேலி எங்கே இருந்திருக்கும் என்று பார்த்துவிட்டு வரலாம்" என்றான்.

"காமிராவை எடுத்துக்கொள்" என்றேன்.