சங்கப் பதிவேடும் அரசமைப்புச் சட்டமும்: கிரிக்கெட் வாரியம் சட்டத்துக்குள் வந்த வழி

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1928இல் தோன்றியது. சட்டக் கணக்கில் அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் வரும் ஒரு சங்கம். ஊர் மனமகிழ் மன்றத்துக்கு உள்ள அதே தகுதிதான். அத்தகைய சங்கத்தை நீதிமன்றங்கள் படிப்படியாகப் பொதுச்சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்த வரலாற்றில், வழக்காடியவர்கள் யார் என்பது போதிய கவனம் பெறவில்லை.

முதல் திருப்பம் தொலைக்காட்சியால் வந்தது. 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பில் தூர்தர்ஷனுக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் எழுந்த தகராறில், அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒளிபரப்பு உரிமை விலைபோகும் சரக்கானதும் வழக்குகள் பெருகின.

2005இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் தொடுத்த வழக்கும் அவ்வகையே. அரசமைப்பின் 12ஆம் உறுப்பு கூறும் ‘அரசு’ என்பதற்குள் வாரியம் அடங்குமா? இல்லை என்றனர் ஐந்து நீதிபதிகளில் மூவர். ஆனால் அணியைத் தேர்ந்தெடுப்பது போன்ற பொதுப்பணிகளை அது செய்வதால், 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றனர். வாசல் கதவைச் சாத்திவிட்டுப் பக்கக் கதவைத் திறந்துவைத்த தீர்ப்பு இது. பிந்தைய தலையீடுகளுக்கெல்லாம் இதுவே வழிவிட்டது.

அடுத்த கட்டத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. வாரிய நிர்வாகிகள் போட்டிகளில் வணிக நலன் கொள்ளக்கூடாது என்றது விதி 6.2.4. 2008 செப்டம்பரில் ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு அதிலிருந்து விலக்கு தரப்பட்டது. சென்னை அணியை வாங்கிய இந்தியா சிமென்ட்ஸின் தலைமைப் பொறுப்பில் இருந்த என். சீனிவாசன் அப்போது வாரிய நிர்வாகி. இதை எதிர்த்து வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ.சி. முத்தையா தொடுத்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்டனர். ஐபிஎல் சூதாட்டப் புகாருக்குப் பின், பீகார் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், 2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் டி.எஸ். தாக்கூரும் கலிஃபுல்லாவும் அந்த விலக்கைச் செல்லாததாக்கினர். தனிச் சங்கமொன்றின் உள்விதியை, அது பொதுநலனுக்கு முரணானது என்று நீதிமன்றம் வெட்டியெறிந்தது சாதாரணச் செய்தியல்ல. 2016 ஜூலையில், வாரியத்தைச் சீரமைக்க நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரைகளில் பெரும்பாலானவை ஏற்கப்பட்டன. அவற்றை நிறைவேற்றாததால் 2017 ஜனவரியில் வாரியத்தின் தலைவரும் செயலாளரும் நீக்கப்பட்டனர். 2018, 2022 ஆண்டுகளில் இதே நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நிர்வாகிகள் தொடர்ந்து பதவி வகிக்காமல் இடைவெளி விடவேண்டும் என்ற விதி நீர்த்துப்போனதே இதில் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

வேறு சட்டங்கள் வாரியத்தைக் கண்ட விதம் சுவையானது. போட்டி ஆணையத்துக்கு அது தொழில் நிறுவனம்: 2013இல் ரூ.52.24 கோடி அபராதம். தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்துக்கோ, 2022 தீர்ப்பின்படி, அது ஒரு ‘கடை’!

மேற்கண்ட பெருவழக்குகளைத் தொடுத்தவர்கள் ஒளிபரப்பு நிறுவனம், மாநிலச் சங்கங்கள், முன்னாள் நிர்வாகி. ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. ஆகவே ஒளிபரப்பும் தேர்தலும் பேசப்பட்ட அளவுக்கு, ஒப்பந்தமற்ற உள்ளூர் ஆட்டக்காரரின் ஊதியமும் காயத்துக்கான இழப்பீடும் பேசப்படவில்லை.

2025இன் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கு வழிசெய்துள்ளது. ஆனால் மசோதா நிலையில் செய்யப்பட்ட திருத்தத்தால், அரசு நிதியுதவி பெறும் அமைப்புகளுக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தும். அத்தகைய உதவி பெறாத கிரிக்கெட் வாரியம் அதற்கு வெளியே நிற்கிறது.