ஆண் கடலும் பெண் கடலும்

மதுரையில் இப்போது ஒரு கல்யாணம் நிச்சயமானால், முகூர்த்தம் எந்த நாள், மண்டபம் எது, சமையல் யார் என்ற மூன்று கேள்விகளுக்குப் பிறகு நாலாவதாக ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கிறது: "தேன்நிலவு எங்கே?" பிள்ளையின் சிநேகிதர்கள் மாலத்தீவு என்கிறார்கள். பெண்ணின் தோழிகள் அந்தமான் என்கிறார்கள். நீலக் கடல், வெள்ளை மணல், முகமூடி போட்டுக்கொண்டு தண்ணீருக்கடியில் மீன் பார்ப்பது என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது. பெரியவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி, "நாங்கள் மறுவீடு போனோம், விருந்து சாப்பிட்டோம், திரும்பி வந்தோம். அதற்கு மேல் என்ன வேண்டியிருக்கிறது?" என்று முணுமுணுக்கிறார்கள்.

அவர்கள் முணுமுணுப்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேன்நிலவு என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து எடுத்த சொல்தான். 1961-ஆம் வருஷம் டைரக்டர் ஸ்ரீதர் அந்தப் பெயரில் ஒரு படம் எடுத்து, கதாநாயகன் ஜெமினி கணேசனையும் நாயகி வைஜயந்திமாலாவையும் காஷ்மீரத்து ஏரிகளில் உலவவிட்ட பிறகு, அது பட்டிதொட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிது சொல் மட்டுந்தான். கணவனும் மனைவியுமாகக் கடலைத் தேடிப் போவது நம் மதுரைக்குப் புதிதே அல்ல.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, புது மண்டபத்தைத் தாண்டி நடந்து பார்க்கலாம். அங்கே எழுகடல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. கடல் இருக்கும் திசையே தெரியாத ஊரில் ஏழு கடலுக்கு ஒரு தெரு! பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணம் இதற்குக் காரணம் சொல்கிறது. மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலைக்குச் சமுத்திர ஸ்நானம் செய்ய ஆசை உண்டாயிற்று. சுந்தரேசப் பெருமான் மாமியாரை மாட்டுவண்டியில் ஏற்றி அலைக்கழிக்கவில்லை. ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்து ஒரு குளத்தில் நிரப்பிவிட்டார். கல்யாணம் நடந்து சில படலங்கள்கூடத் தள்ளவில்லை. அதற்குள் மாப்பிள்ளை செய்த கடல் ஏற்பாடு மனைவிக்காக அல்ல, மாமியாருக்காக! மருமகன்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கடலில் முழுகுகிற பெண் கணவன் கையையோ, மகன் கையையோ பற்றிக்கொண்டு முழுக வேண்டும். இருவரும் இல்லாவிட்டால் கன்றின் வாலையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதியாம். காஞ்சனமாலைக்குப் பிள்ளை இல்லை. கணவன் மலயத்துவச பாண்டியன் இறந்து வானுலகம் போய்விட்டான். அவள் கலங்கி நின்றதைக் கண்டு பெருமான் மலயத்துவசனையே திரும்ப வரவழைத்தார். இருவரும் கைகோத்து ஏழு கடல் நீரிலும் முழுகினார்கள்.

அந்தக் குளம் இன்று இல்லை, கடைகள் வந்துவிட்டன. தெருவின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்தப் பழைய விதியில் சாஸ்திரம் பாதி என்றால், அநுபவம் பாதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கடலுக்குள் இறங்குகிறவர் ஒரு கையைப் பற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பதைக் கடலை நன்றாக அறிந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மதுரைப் புதுத் தம்பதிகளுக்கு எது கிட்டே இருக்கிறது? மேற்கே மலை இருக்கிறது. 1845-ஆம் வருஷம், மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலும் நோயும் தாங்காமல் கொடைக்கானல் மலைமேல் வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வகுத்த வழியில் பிற்பாடு நம் தம்பதிகளும் ஏறினார்கள். நம் இலக்கண ஆசிரியர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். தொல்காப்பியர் காலத்திலிருந்தே கூடலுக்கு உரிய நிலம் குறிஞ்சிதானே! பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை அந்தப் பூவே அங்கு பூக்கிறது. கடலும் கடல் சார்ந்த நெய்தலோ இரங்கலுக்கு உரிய நிலம். போனவன் வரவில்லையே என்று ஒருத்தி கரையில் நின்று வருந்துகிற இடம்.

ஆனால் அகநானூற்றின் எழுபதாவது பாட்டு நெய்தல் பாட்டாக இருந்தும் அழுகையில் முடியவில்லை. பாடியவர் மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார். ஊரெல்லாம் ஒரு பெண்ணைப் பற்றி வம்பு பேசுகிறது. கல்யாணம் நிச்சயமானதும் வம்பு சட்டென்று ஓய்கிறது. எது போல? பாண்டியருடைய பழைய கோடியிலே, ஆலமரத்தடியில் இராமன் தன் தோழர்களோடு ஆலோசனை செய்தபோது, மரத்தில் இரைந்த பறவைகளெல்லாம் அடங்கினவே, அது போல! அந்தக் கோடியைத் தனுஷ்கோடி என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். எனவே மதுரைக் கவிஞர் ஒருவர் சங்க காலத்திலேயே ஒரு கல்யாணத்தையும் அந்தத் தீவின் முனையையும் ஒரே பாட்டில் முடிச்சுப் போட்டுவிட்டார்.

மதுரைக்குத் தென்கிழக்கே, ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்த ராமேசுவரத் தீவு. தலபுராணமும் அதைத் தம்பதிகளின் தீவாகவே சொல்கிறது. மீட்ட மனைவியோடு திரும்பி வந்த இராமன் பூஜிப்பதற்காகச் சீதை கடற்கரை மணலைக் கூட்டி லிங்கம் பிடித்தாள் என்பது ஐதிகம். கரையில் உட்கார்ந்து மணலைக் குவிக்கும் பெண்களுக்கு இதைவிடப் பெரிய முன்னோடி வேண்டியதில்லை.

அங்கே போய்ச் சேருவதுதான் பெரும் பாடாக இருந்தது. வழியெல்லாம் காடு, காடெல்லாம் கள்வர் பயம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், சேது யாத்திரைக்காரர்களைக் காப்பதற்காகச் சடைக்கத் தேவரை ஆதரித்து நிலைநிறுத்தினார். சேதுவைக் காக்கும் சேதுபதிகளின் வரலாறு இப்படித் துலங்குகிறது. வழியில் சத்திரங்கள் எழுந்தன. பிள்ளை வரம் கேட்டும், பிதுர்க் கடன் கழிக்கவும் தம்பதிகள் போனார்கள். ஆனால் இரண்டு பேராகப் போகவில்லை. மாமியார், நாத்தனார், சித்தப்பா, சமையற்காரர் என்று ஒரு படையே போயிற்று. அலையில் கணவன் கையைப் பற்றி முழுகுகிற அந்த ஒரு நிமிஷந்தான் அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் சொந்தம். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை மைல் நடந்திருப்பார்கள்!

ரயில் வந்ததும் நிலைமை மாறியது. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் போட்டார்கள். 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம். கப்பல் வந்தால் நடுவே வாய் திறந்து வழிவிடும். சென்னையில் புறப்பட்ட போட் மெயில் தீவைக் கடந்து தனுஷ்கோடி முனைக்கே போயிற்று. அங்கிருந்து கப்பல் ஏறினால் சில மணி நேரத்தில் தலைமன்னார். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் அந்தக் கடலில் போய் வந்துகொண்டிருந்தன.

ஆனால் அந்தப் படகுத்துறை பெரும்பாலும் நெய்தலாகவே இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்கள் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, நோய்ச் சோதனை முடிந்து, கப்பல் ஏறினார்கள். மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்தபோதெல்லாம் அந்த வழியில் கூட்டம் பெருகியது. கூடவே போன மனைவிகளும் உண்டு. கரையோடு நின்றவர்களும் உண்டு. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அந்த ஜனங்களில் பல லட்சம் பேர் திரும்பி வர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

இரண்டு மாதம் கழியவில்லை. அவர்கள் ஏறிப்போன துறையே இல்லாமல் போயிற்று.

அந்தத் தீவின் மீனவர்கள் தங்களுடைய இரண்டு கடலுக்கும் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலையடங்கிக் கிடப்பது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இரைந்து புரள்வது ஆண் கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண் கடல் சீறும். அப்போது வலைக்காரர்கள் பெண் கடலுக்குப் போவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று எழுந்தால் பெண் கடல் பொங்கும். அப்போது ஆண் கடல் அடங்கி இடம் கொடுக்கும். ஒருவர் கோபித்துக்கொண்டால் மற்றவர் பொறுத்துப் போவது! தேன்நிலவுக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல உபதேசம் எந்தச் சுவாமிகளும் செய்துவிட முடியாது.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, இரண்டு கடலும் ஒரே சமயத்தில் கோபித்துக்கொண்டன. புயலோடு எழுந்த நீர் அந்த மெல்லிய மணல் திட்டைத் தாண்டிப் புரண்டது. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு எட்டும் தூரத்தில் கடலுக்குள் போயிற்று. அதில் பிரயாணிகள் 110 பேர், சிப்பந்திகள் 5 பேர் என்பது ரயில்வே கணக்கு. புயலில் மாண்டவர்கள் மொத்தம் 1,800 பேருக்குக் குறையாது என்கிறார்கள். ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில், வீடுகள் எல்லாம் ஓர் இரவில் மண்ணாயின.

ஜெமினி கணேசனும் அவர் மனைவி சாவித்திரியும் அந்த இரவில் ராமேசுவரத்தில் இருந்தார்கள், தப்பிப் பிழைத்தார்கள். 'தேன்நிலவு' படத்தின் நாயகன் மனைவியோடு அந்தத் தீவுக் கரையில் அப்படி ஒரு விடியலைப் பார்க்க நேர்ந்ததை நினைத்தால், கதை எழுதுகிற நாமெல்லாம் பேனாவை மூடி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயர் நாற்பத்தாறே நாளில் செப்பனிட்டுக் கொடுத்தார். தனுஷ்கோடி ரயில் மட்டும் திரும்பவில்லை. அந்த ஊர் மனிதர் வசிக்க ஏற்றதல்ல என்று சர்க்கார் சொல்லிவிட்டது. 1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டார்கள். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறந்தாயிற்று. இப்போது காலையில் மதுரையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் இரு கடலும் கூடும் இடத்தில் நிற்கலாம். இரண்டே பேராக!

தீவில் உல்லாசத்துக்குக் குறைவில்லை. பெரிய காற்றாடியை உடம்போடு பூட்டிக்கொண்டு பலகைமேல் நின்று அலையில் வழுக்கிப் போகும் விளையாட்டு அங்கே நடக்கிறது. மீனவர்களை இடம் மாற்றுகிற அதே காற்றுகள்தான் அதையும் நடத்துகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 சிறு தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. பவளப் பாறையும் கடல் பசுவும் உள்ள கடல் அது. மாலத்தீவுக்குப் போகக் கடன் வாங்கும் பிள்ளைகள் இதையும் ஒரு தரம் யோசிக்கலாம்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சந்தான். தையில் கல்யாணம் செய்துகொண்டு மாசி, பங்குனியில் போவது உத்தமம்; அப்போது இரு கடலும் பெரும்பாலும் சமாதானமாக இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வானிலை அறிக்கையைக் கேட்காமல் புறப்படக் கூடாது. முனையில் கடல் எவ்வளவு அழகாகக் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது. அடியில் இழுப்பு பொல்லாதது. நீராட ஆசையிருந்தால் கோயிலுக்கு எதிரே அக்கினி தீர்த்தத்தில் பெண் கடல் முழங்காலளவுத் தண்ணீரோடு காத்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் முனையிலிருந்து திரும்பிவிட வேண்டும். இரவு தங்க அனுமதி கிடையாது.

இடிந்து நிற்கும் அந்த மாதா கோயிலின் முன்னால் புதுத் தம்பதிகள் படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. அந்தச் சுவர்களுக்குள்ளும் ஒரு காலத்தில் கல்யாணங்கள் நடந்திருக்கும். சிரிக்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்து முடித்த பிறகு, அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதைக் கணவன் மனைவிக்கோ, மனைவி கணவனுக்கோ சொல்லட்டும். கடலில் கால் நனைக்கும்போது மட்டும் காஞ்சனமாலைக்குச் சொன்ன விதியை மறவாமல், ஒருவர் கையை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.