துறைமுகக் கரையில் புல்புல்தாரா

கழுத்துப் பகுதி தனியாக இல்லாமல், உடலாக அமைந்த பெட்டியின் நீளம் முழுவதும் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்ட கருவிகளை இசையியலார் சிதர் வகை என்பர். சீனத்து அறிஞர்களின் உடைமையாக விளங்கிய ஏழு கம்பிக் குச்சின் இவ்வகையில் தலைசிறந்தது. அதன் அரக்குப் பூச்சில் காலப்போக்கில் விழும் நுண்விரிசல்களே முதுமையின் சான்றாகப் போற்றப்பட்டன, 2003இல் யுனெஸ்கோவும் அக்கலையை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. அதே இனத்தில் பிறந்தும் அத்தகைய மதிப்பு எதையும் பெறாத ஒரு கருவி சீனாவில் ஃபெங்ஹுவாங்ச்சின் என்றும், ஜப்பானில் தைஷோகோட்டோ என்றும், வட இந்தியாவில் புல்புல் தரங் என்றும், தமிழ்நாட்டில் புல்புல்தாரா என்றும் வழங்குகிறது.

இக்கருவி பழமையானது அன்று. நாகோயாவைச் சேர்ந்த மொரிதா கோரோ என்பவர், நிகென்கின் என்னும் இருகம்பிக் கருவியோடு தட்டச்சுப் பொறியின் கட்டைகளை இணைத்து 1912இல் இதனை உருவாக்கினார். அவ்வாண்டு தொடங்கிய தைஷோ ஆட்சிக்காலத்தின் பெயரே கருவிக்கும் வாய்த்தது. இடக்கை விரலால் ஒரு கட்டையை அழுத்தினால் அதன் அடியிலுள்ள உலோகத் துண்டு கம்பியின் மேல் பதிந்து மெட்டாகச் செயல்பட, வலக்கை சிறு தகட்டால் கம்பியை மீட்டும். இந்திய வடிவத்தில் பாட்டுக்குரிய கம்பிகளோடு தம்புராவைப் போல இடையறாது ஒலிக்கும் சுருதிக் கம்பிகளும் சேர்ந்தன.

இது கீழ்த்திசைக் கடல் முழுவதும் பரவியதில் வணிகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, பின்னர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்றிருந்த 1904–1919 காலத்தில் திருத்தம் பெற்ற சென்னைத் துறைமுகத்துக்கு, முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மானியச் சரக்கு தாராளமாக வந்துகொண்டிருந்தது. 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னை மீது வீசிய குண்டுகளை ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கடைத்தெருவை மாற்றியது அக்குண்டுகளைவிட, அந்தப் போரால் ஜெர்மானியப் பொருள்கள் நின்றுபோனதே ஆகும். அந்த இடத்தைத் தீப்பெட்டி, கண்ணாடிப் பொருள், பொம்மை, துணி ஆகியவற்றோடு ஜப்பான் பிடித்துக்கொண்டது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கராச்சி, மாலத்தீவு, சான்சிபார், பாலி என இக்கருவி வேர்கொண்ட இடங்கள் பலவும் கடற்கரைகளாகவே இருப்பது தற்செயல் ஆகாது.

வடசென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரைக்கு அதற்கு முன்பே வேறொரு கம்பிக் கருவி மரபு உண்டு. தியாகராஜரின் மாணவரான வீணை குப்பையர் (மறைவு 1860) திருவொற்றியூரோடு தொடர்புடையவர். தியாகராஜர் அங்கு வந்தபோது வடிவுடையம்மன் என வழங்கும் திரிபுரசுந்தரி மீது ஐந்து கிருதிகளை இயற்றினார். குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகையர் (1845–1917) அந்த மரபைத் தொடர்ந்தார். அவர்கள் போற்றிய வீணைக்குப் பலா மரக் குடமும், மெழுகுப் படுகையில் பதித்த இருபத்துநான்கு மெட்டுகளும் உண்டு. வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் சுரம் பிசகும் என்பதால், அவற்றைச் செவியால் அறிந்து மறுபடி பதிக்கும் 'மேளம் கட்டுதல்' என்னும் வேலைக்குத் தேர்ந்த கைவினைஞரை நாட வேண்டும். வீணையை வைத்திருப்பது என்பது அத்தகைய ஒருவரோடு வாழ்நாள் உறவை வைத்திருப்பதாகும். அதற்கான செலவும் ஓய்வும் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை.

புல்புல்தாராவின் நோய்கள் வேறு. உப்புக் காற்றில் எஃகுக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். கட்டையின் உலோகத் துண்டு மீண்டும் மீண்டும் பதியும் இடங்களில் கம்பியில் தழும்பு விழுந்து ஓசை கரகரக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்திய கட்டை மேலெழாது. மழைக்காலத்தில் பலகை ஊதினால் கட்டைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி மாறி, சில சுரங்கள் ஊமையாகும். ஆயினும் இவை அனைத்தும் திருப்புளி, ஒரு துளி எண்ணெய், மாண்டலினுக்கோ சித்தாருக்கோ விற்கும் கம்பிச் சுருள் ஆகியவற்றைக் கொண்டே தீரக்கூடியவை. மெட்டுகளின் இடம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுவதால், கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டால் வாசிப்பவருக்கு மேளம் கட்டுபவர் தேவைப்படுவதில்லை. பட்டறையிலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் பொறிகளைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் மிகுந்த ஒரு வட்டாரத்தில், ஆசிரியரும் கைவினைஞரும் இன்றியே வாழக்கூடிய இத்தகைய கருவி, வீணை எட்டாத வீட்டுக்கும் உரியதாகக்கூடியதே.

அந்த வசதியே அதன் எல்லையும் ஆயிற்று. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை வளைக்க முடியாததால் கமகம் இதில் எழாது. சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவத்தான் இயலும். இதே குறைக்காகவே 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. வானொலியின் தடைக்கு உள்ளாகும் தகுதிகூடப் புல்புல்தாராவுக்குக் கிட்டவில்லை என்பதே உண்மை. சபா மேடைக்குச் செல்லாத கருவியைச் சீர்திருத்தப் புரவலரும் முன்வருவதில்லை. பலூச்சிஸ்தானின் மக்ரான் கரையிலோ நிலைமை வேறாக இருந்தது; பலூச் கலைஞர்கள் பெட்டியை நீட்டி, ஒலியைப் பெருக்கி, பெஞ்சு எனப் பெயரிட்டு அதனைத் தம் மக்களிசையின் தலைமைக் கருவிகளுள் ஒன்றாக்கினர், பிலாவல் பெல்ஜியம் போன்ற வித்வான்களையும் அது உருவாக்கிற்று. மும்பையிலும் அதன் உறவான ஜப்பான் பாஞ்சோ, ஒலிபெருக்கியோடு இணைந்து விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்களின் முன்னே செல்கிறது. சோழமண்டலக் கரையில் மட்டும் அது பொம்மைக் கடைக்கும் வீட்டுப் பரணுக்கும் இடையில் தங்கிவிட்டது. அதற்குக் கருவியின் குறையைக் காட்டிலும், செம்மை செய்யும் பொருளும் திறமையும் இங்கே முழுவதுமாக வீணையின் பக்கம் சென்றதையே காரணமாகக் கொள்ள வேண்டும்.