ஸ்ட்ரெதமில் உருப்பெற்ற நடனம்: ஒரு நகைச்சுவை இசைநாடகத்தின் வரலாறு



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் பங்கின் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “சுவாமி, நத்தார் விழாவுக்குப் பிள்ளைகள் சிரிப்பு நாடகம் போடப் போகிறார்களாம். ஆட்டமும் பாட்டும் பகிடியும் கோயில் மண்டபத்துக்குப் பொருந்துமா?” என்று வினவினார். அவருடைய கேள்வியில் உண்மையான அக்கறை இருந்தது. ஆகவே அவசரப்பட்டு விடை கூறவில்லை. இன்று ஒரு வரலாற்றின் வழியாக உங்கள் எல்லோருக்கும் விடை கூற விழைகிறேன். அதன் ஒரு பகுதி, நீங்கள் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் ஸ்ட்ரெதம் ஹில் சாலையிலேயே நிகழ்ந்தது.

1937 டிசம்பர் 16 அன்று லண்டன் விக்டோரியா பலஸ் அரங்கில் ‘மீ அண்ட் மை கேர்ள்’ என்னும் நகைச்சுவை இசைநாடகம் அரங்கேறியது. கதையையும் பாடல்களையும் எழுதியவர்கள் எல். ஆர்தர் ரோஸும் டக்ளஸ் ஃபர்பரும் ஆவர். இசையமைத்தவர் நோயல் கே. அது அவருடைய இயற்பெயர் அன்று. ரெஜினல்ட் ஆர்மிடேஜ் என்பதே இயற்பெயர். வேக்ஃபீல்ட் பேராலயத்தின் பாடகர் குழுவில் சிறுவனாகப் பாடி வளர்ந்து, பின்னர் லண்டன் சோஹோவிலுள்ள புனித அன்னா ஆங்கிலிக்கன் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் அவர். கேளிக்கை மேடைக்கு இசையமைப்பது ஆலயத்தாருக்குச் சங்கடம் தரக்கூடாதென்று எண்ணியே புனைபெயர் பூண்டார். நம் மூத்தவர் கேட்ட அதே கேள்வி அந்த இளைஞரின் உள்ளத்தையும் உறுத்தியிருக்கிறது, பாருங்கள்.

கதை எளியது. லாம்பெத் தெருக்களில் வண்டி வைத்து விற்கும் பில் ஸ்னிப்சன் என்பவன், ஒரு பிரபு குடும்பத்தின் வாரிசு எனக் கண்டறியப்படுகிறான். மாளிகையும் செல்வமும் அவனுக்குக் கிடைக்கும். ஆனால் அவன் பேச்சையும் நடையையும் மாற்றிக்கொள்ள வேண்டும், தான் நேசித்த ஏழைப் பெண் சாலியைக் கைவிட வேண்டும் என்று உறவினர் எதிர்பார்க்கின்றனர். அவனோ அவளை விட மறுக்கிறான். பில்லாக நடித்த லூபினோ லேன், தலைமுறை தலைமுறையாக மேடையில் வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். 1935இல் ‘டுவென்ட்டி டு ஒன்’ என்னும் நாடகத்திலேயே அதே பாத்திரத்தை ஏற்றிருந்தார்.

தொடக்கத்தில் நாடகத்துக்குப் பெருங்கூட்டம் வரவில்லை. 1938இன் தொடக்கத்தில் வானொலி ஒரு பகற்காட்சியை நேரடியாக ஒலிபரப்பிய பின்னரே நிலைமை மாறியது. லாம்பெத் மக்கள் மாளிகை விருந்துக்குள் புகுந்து, பிரபுக்களையும் சீமாட்டிகளையும் தங்களோடு ஆட வைக்கும் ‘லாம்பெத் வாக்’ பாடல் நாடெங்கும் பரவியது.

இங்கேதான் ஸ்ட்ரெதம் வருகிறது. ஸ்ட்ரெதம் ஹில்லில் 1929இல் திறக்கப்பட்ட லொக்கார்னோ நடன மண்டபம் இருந்தது. அத்தகைய மண்டபங்களை நடத்திய சி. எல். ஹைமன், மேடையில் லூபினோ லேன் போட்ட அந்தத் துள்ளல் நடையைக் கண்டு, லொக்கார்னோவின் நடன ஆசிரியை அடேல் இங்லண்டிடம் அதைப் பொதுமக்கள் ஆடக்கூடிய நடனமாக அமைத்துத் தருமாறு கேட்டார். கைகோத்து நடந்து, முழங்காலைத் தட்டி, பெருவிரலைத் தோளுக்குமேல் காட்டி “ஓய்!” என்று கூவும் அந்த ஆட்டம் இவ்வாறு நம் சாலையோரத்தில் உருப்பெற்றது. 1938இல் அது பிரித்தானியா முழுவதும் பரவி, கடல் கடந்தும் சென்றது. போர்க்காலத்தில், அணிவகுக்கும் நாஜிப் படையினரின் படக்காட்சியை முன்னும் பின்னுமாக வெட்டி ஒட்டி, அவர்கள் இந்தப் பாட்டுக்கு ஆடுவதுபோல் ஒரு குறும்படம் தயாரிக்கப்பட்டது. கொடுங்கோலர்களின் மிடுக்கைக் குலைக்க ஒரு பகிடிப் பாட்டு போதுமானதாயிற்று.

முதல் அரங்கேற்றம் 1,646 காட்சிகள் கண்டது. பல ஆண்டுகளுக்குப் பின்னர், ஸ்டீபன் ஃப்ரை வசனங்களைத் திருத்த, மைக் ஒக்ரெண்ட் இயக்கத்தில் 1984இல் லெஸ்டரில் மீண்டும் மேடையேறியது. 1985இல் லண்டன் அடெல்ஃபி அரங்குக்கு வந்து, 1993 வரை 3,303 காட்சிகள் நிகழ்ந்தது. ராபர்ட் லிண்ட்சேயும் எம்மா தாம்சனும் அதில் நடித்தனர். 1986இல் நியூயோர்க்கும் அதைக் கண்டு மகிழ்ந்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். சிரிப்பு நம் மரபுக்கும் அந்நியமன்று. பாசையூரிலும் நாவாந்துறையிலும் நம் முன்னோர் புனிதர்களின் வரலாறுகளை நாட்டுக்கூத்தாக இரவிரவாக ஆடினர். அரசன் வருமுன் கட்டியகாரன் வருவான். இசைநாடகங்களில் பபூன் இல்லாமல் இரவு விடியாது. 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கிய மரிய சேவியர் அடிகளும், மேடை இறைமக்களுக்கு உரியது என்பதைத் தம் வாழ்நாளெல்லாம் காட்டினார்.

பில் ஸ்னிப்சனின் கதையை நம் பிள்ளைகள் ஏன் விரும்புகின்றனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பள்ளியில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று இரண்டுக்கும் நடுவே அவர்கள் வாழ்கின்றனர். “முன்னேற வேண்டுமானால் பழையதை விட்டுவிடு” என்னும் குரல் அவர்கள் காதிலும் விழுகிறது. மாளிகைக்குள் சென்ற பின்னும் தன் தெருவையும் தன் மனிதர்களையும் மறுதலிக்காத ஒருவனைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்களானால், அந்தச் சிரிப்புக்குள் ஓர் ஆறுதல் இருக்கிறது. நாம் மணிக்கணக்காகச் சொல்லும் அறிவுரை அங்கு எட்டுவதில்லை.

ஆகவே என் விடை இது: மண்டபம் பிள்ளைகளுக்குத் திறக்கப்படும். ஒரே ஒரு நிபந்தனை. எவருடைய ஊரையும் குலத்தையும் உடற்குறையையும் இழித்துச் சிரிக்கக்கூடாது. உயர்ந்தோர் எனத் தம்மை எண்ணுவோரின் செருக்கை எவ்வளவு வேண்டுமானாலும் பகிடி பண்ணலாம், பங்குத்தந்தையையும் சேர்த்துத்தான்.

கேள்வி கேட்ட பெரியவருக்கு முன்வரிசையில் ஓர் இருக்கை வைத்திருக்கிறேன். லொக்கார்னோ இருந்த கட்டடம் இன்று இல்லை. ஆனால் “ஓய்!” என்று கூவுவதற்கு நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லையே.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை