விண்வெளி நிலைய மாற்று அலகுகளும் நம்பகத்தன்மைக் கணக்கும்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முக்கியக் கருவிகள் பல, பழுதானால் கழற்றி மாற்றக்கூடிய அலகுகளாகவே வடிவமைக்கப்பட்டவை. ஓர் அலகு சராசரியாக எத்தனை மணி நேரம் பழுதின்றி ஓடும் என்று ஏவுதலுக்கு முன்பே கணித்துவிடுகிறார்கள். எத்தனை உதிரிகள் வேண்டும் என்பதை முடிவுசெய்வதும் அந்த எண்தான். கையேட்டுத் தரவுகளும் தரைச் சோதனைகளும் தந்த ஊகம் அது. பறந்த அனுபவத்தைக் கொண்டு அதைத் திருத்தியாக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. எந்த அளவுக்கு என்பதில்தான் சிக்கல். தொடக்க ஊகத்தையும் புதிய தரவையும் எடையிட்டு இணைக்கும் பேய்ஸ் முறையே தகுந்தது, ஆனால் தொடக்க ஊகத்தின் ஐயத்தை அகலமாக ஒப்புக்கொண்டால் மட்டுமே என்பது என் வாதம்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைக் காட்டும். தொடக்க மதிப்பீடு 1,00,000 மணி. நான்கு அலகுகள் ஐந்தாண்டு இடைவிடாது ஓடினால் 1,75,200 மணி சேரும். அதில் ஒரு பழுதும் இல்லையென்றால், பறப்புத் தரவை மட்டும் நம்புபவர் பழுது வீதம் பூஜ்யம் என்றாக வேண்டும், அது அபத்தம். நான்கு பழுதுகள் நேர்ந்தால் அவருடைய விடை 43,800 மணி. பேய்ஸ் முறையில் தொடக்க ஊகத்துக்கு ஒரேயொரு பழுதின் எடையைக் கொடுத்தால், அதாவது 1,00,000 மணியில் ஒரு பழுது கண்டதாக எண்ணினால், விடை 55,040. பத்துப் பழுதுகளின் எடையைக் கொடுத்தால் ஏறத்தாழ 84,000. தரவு ஒன்றுதான். ஊகத்தின் மீது வைத்த நம்பிக்கைதான் விடையை மாற்றுகிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு பிசகலாம் என்பதற்குச் சிறுநீர்ச் சுத்திகரிப்புக் கருவியே சான்று. 2008 நவம்பரில் ஏவப்பட்ட அது 85 விழுக்காடு நீரை மீட்கும் என்பது திட்டம். எடையற்ற நிலையில் எலும்பு கரைந்து சிறுநீரில் கால்சியம் கூடுகிறது. அது கால்சியம் சல்பேட்டாகப் படிந்து காய்ச்சி வடிக்கும் பகுதியைக் கெடுத்தது. மீட்பு அளவை ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் குறைக்க நேர்ந்தது. தரைச் சோதனையில் இல்லாத காரணம் இது. எவ்வளவு மணி நேரம் தரையில் ஓட்டியிருந்தாலும் அகப்பட்டிருக்காது.

தொடக்க எடையைத் தேர்வது அகவயமானது என்பது முதல் மறுப்பு. உண்மைதான், ஆனால் பேய்ஸ் முறையில் அந்தத் தேர்வு எழுத்தில் இருக்கிறது, பிறர் மாற்றிப் பார்க்கலாம். காரணத்தைக் கண்டு சரிசெய்த பழுதை ஏன் இன்னும் எண்ண வேண்டும் என்பது அடுத்தது, இது வலுவானது. 2010 ஜூலை இறுதியில் நிலையத்தின் அம்மோனியாக் குளிர்விப்புச் சுற்றின் பம்ப் அலகு நின்றது. மாற்ற மூன்று விண்நடைகள் தேவைப்பட்டன. 2013 டிசம்பரில் அதே சுற்றின் பம்ப் அலகு மீண்டும் பழுதானது. இம்முறை கோளாறு கட்டுப்பாட்டு வால்வில். ஒரு காரணத்தை அடைத்தாலும் வேறு காரணங்கள் திறந்தே இருக்கும். எனவே சரிசெய்த பழுதின் எடையைக் குறைக்கலாம், அழிக்கக்கூடாது. தேய்மானத்தால் வீதம் காலப்போக்கில் ஏறும் அலகுகளுக்கு, மேற்கண்ட கணக்கு எடுத்துக்கொண்ட மாறா வீத மாதிரியே பொருந்தாது. அவற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

பூமியைச் சுற்றும் நிலையத்துக்கு, ஊகம் தவறினால் அடுத்த சரக்குக் கலம் உண்டு. செவ்வாய்ப் பயணத்துக்கு அது இல்லை. ஐய வரம்பு குறிக்காத சராசரி மணிக்கணக்கை அப்பயணத்தின் உதிரிப்பாகத் திட்டத்தில் ஏற்கக்கூடாது.