இடைநிலை இல்லாத ஆறு: தங்காக் வடிநிலம் குறித்து

ஆற்றின் போக்கை மேல்நிலை, இடைநிலை, கீழ்நிலை என மூன்றாகப் பகுத்துக் கற்பிப்பது வழக்கம். வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1899இல் விளக்கிய புவியியல் சுழற்சிக் கோட்பாடு, நிலத்தோற்றத்துக்கு இளமை, முதிர்ச்சி, முதுமை என்று பருவங்களை வகுத்தது. பள்ளி நூல்கள் அப்பருவங்களை ஓர் ஆற்றின் நீளத்தின்மேல் பொருத்திக்கொண்டன. பேராறுகளை விளக்க உதவும் இவ்வரைவு, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து வடமேற்கிலுள்ள தங்காக்கிற்குப் பொருந்துவதில்லை. அந்தப் பொருந்தாமையிலேயே இப்பகுதி வெள்ளத்தின் இயல்பு அடங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

காவிரியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். குடகில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் பிறக்கும் காவிரி, கடலை அடைய ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுகிறது. மைசூர் மேட்டுநிலம், மேட்டூர், திருச்சி எனப் படிப்படியாக இறங்கி, கல்லணைக்குக் கீழே கிளைகளாக விரிகிறது. தங்காக்கின் லேடாங் மலையும் ஏறக்குறைய அதே உயரம்தான்: 1,276 மீட்டர். ஆனால் அதன் உச்சியிலிருந்து மலாக்கா நீரிணை நேர்கோட்டில் 35 கிலோமீட்டருக்கும் குறைவு. மலைச்சரிவில் இறங்கும் தங்காக் ஆறு, மலாக்காவுக்கும் ஜோகூருக்கும் எல்லையாக ஓடும் கெசாங் ஆற்றோடு சேர்ந்து கடலை அடைகிறது. இறக்கத்தின் பெரும்பகுதி முதல் சில கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுவதால், வேகம் தணியவும் வண்டல் பரவவும் இடம்தரும் நீண்ட இடைநிலை இங்கே இல்லை.

உச்சியின் கருங்கற்பாறையும் நீரைத் தேக்குவதில்லை. 1854இல் இம்மலை ஏறிய ஆல்பிரட் ரசல் வாலஸ், மேலே நீர் கிடைக்காமல் குடுவைத் தாவரங்களில் தேங்கியிருந்த நீரைக் குடித்துத் தாகம் தணித்ததாக எழுதியிருக்கிறார். பெய்த மழை பாறையில் நில்லாமல் ஓடிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

கீழே நிலைமை நேர்மாறானது. கடலோரம் தாழ்ந்த களிமண் சமவெளி. நீரிணையில் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறுகிறது. ஏற்றத்தின்போது ஆற்று நீர் வெளியேற வழியின்றிப் பின்தேங்குகிறது. ஆகவே மலையில் பெய்த மழையின் அளவு மட்டும் வெள்ளத்தைத் தீர்மானிப்பதில்லை. அந்நீர் முகத்துவாரத்தை எந்த ஓத வேளையில் அடைகிறது என்பதும் தீர்மானிக்கிறது.

தங்காக் மாவட்டத்தின் மறுபுறம் ஓடும் மூவார் ஆறு பாடநூல் வரைவை வேறொரு வகையில் மறுக்கிறது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அதன் கிளையாறான ஜெம்போலும், பகாங் ஆற்றோடு சேரும் செர்த்திங்கும் மிகத் தாழ்ந்த நிலத்தால்தான் பிரிக்கப்பட்டுள்ளன. பண்டைய வணிகர் அங்கே படகுகளைத் தரைமேல் இழுத்து, தீபகற்பத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குச் சென்றனர். ஒரே மாவட்டத்தில் ஓடும் இரு ஆறுகளில் ஒன்று திடீரென இறங்குகிறது. மற்றொன்று மெல்லச் சாய்ந்து வளைந்து செல்கிறது. ஆனால் இரண்டின் கீழ்ப்பகுதியையும் ஆள்வது கடலின் ஓதமே.

காடழிந்து ரப்பரும் செம்பனையும் பரவியதே வெள்ளத்துக்குக் காரணம் என்பார் உண்டு. அக்கூற்றில் உண்மை உள்ளது. தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் ஜோகூர் மாநிலமெங்கும் எழுந்த தோட்டங்களில் வெட்டிய வடிகால்கள், மழைநீரை விரைவாக ஆற்றில் சேர்த்தன. ஆனால் நீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதையே இது விளக்கும். வந்த நீர் எத்தனை மணிநேரம் ஊருக்குள் நிற்கும் என்பதை விளக்க முகத்துவாரத்தைத்தான் பார்க்க வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இடம்பெயர்த்த பெருவெள்ளத்துக்குப் பிறகும் இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகவே கருதிவருவது தவறு.

மலேசிய அரசமைப்பில் நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. அதனால் கெசாங்கின் ஒரு கரை நிலத்துக்கு ஒரு மாநிலமும், மறுகரை நிலத்துக்கு மற்றொரு மாநிலமும் பொறுப்பு. ஒரு கரையை மட்டும் உயர்த்தினால் நீர் மறுகரைக்கே திரும்பும். எனவே இரு மாநிலங்களும் வடிநிலம் முழுவதற்கும் ஒரே திட்டம் வகுக்க வேண்டும். அத்திட்டம் முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். ஓத அட்டவணையை மழை முன்னறிவிப்போடு இணைத்தல், தாழ்நிலத்தில் நீர் பரவ இடம் ஒதுக்குதல், மலைச்சரிவுக் காட்டைக் காத்தல் ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகள். இயற்கை தராத இடைநிலையை இத்தகைய ஏற்பாடுகளால்தான் ஓரளவேனும் ஈடுசெய்ய முடியும்.